வாயைப் பார்த்து வாங்குங்க: ட்ரிகர் மீன் கேள்வி-பதில்

போன இதழ்ல வீட்ல ரீஃப் டேங்க் (உயிருள்ள பவளம் வளர்க்கற கடல்நீர்த் தொட்டி) வைக்கறது பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ட்ரிகர் மீன் (நம்ம ஊர் கிளாத்திக் குடும்பம்) பத்திதான். கேட்க வேண்டிய கேள்வி, ஏன்னா இந்த ஒரு மீனை சரியா தேர்ந்தெடுத்தா பத்து வருஷம் கூடவே இருக்கும், தப்பா எடுத்தா ஆறு மாசத்துல டேங்கே காலி. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

கேள்வி: 4க்கு 2க்கு 2 அடி டேங்க், ஓட ஆரம்பிச்சு 14 மாசம் ஆச்சு. லெதர், ஸோவா, மஷ்ரூம் பவளம் எல்லாம் நல்லா விரிஞ்சிருக்கு. ஒரு ஜோடி க்ளௌன் ஃபிஷ், ரெண்டு க்ளீனர் இறால், ஒரு 20 நத்தை இருக்கு. கடையில 2 இன்ச் க்ளௌன் ட்ரிகர் பார்த்தேன், குட்டியிலயே விட்டா மத்த மீனோட பழகிடும்னு சொல்றாங்க. வாங்கலாமா சார்?
(கொளத்தூர், சென்னை)

வாங்காதீங்க தம்பி. அந்தக் குட்டியோட அழகு எனக்கும் தெரியும், கறுப்பு உடம்புல வெள்ளைப் பொட்டு பொட்டா, மஞ்சள் உதட்டோட வந்து கண்ணாடியில முட்டிக்கிட்டு நிக்கும்போது கை தானா பர்ஸுக்குப் போகும். ஆனா அது கடல்ல 50 செ.மீ. வரைக்கும் வளர்ற மீன், தனியாத் திரியற மீன், அதோட சாப்பாடே நண்டு, சிப்பி, நத்தை, சீ அர்ச்சின்னு ஓடு போட்டதா பார்த்து உடைச்சுத் தின்னறதுதான். குட்டியில சாதுவா இருக்கறது பழகினதால இல்ல, வாய் சின்னதா இருக்கறதால. முதல்ல நத்தை போகும், அப்புறம் இறால் போகும், ஒரு வருஷம் கழிச்சு ஒரு நாள் காலைல லைட் போட்டா க்ளௌன் ஃபிஷ்ல ஒண்ணு வால் இல்லாம மிதக்கும், அப்ப அந்த மீனைத் திருப்பி வாங்கிக்க ஆள் தேடி அலையணும்.

ரீஃப் டேங்க்னு வரும்போது ட்ரிகர் எல்லாத்தையும் ஒரே கூடையில போடக்கூடாது. உலகத்துல சுமார் 40 வகை இருக்கு, நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான், கலரைப் பார்க்கறதுக்கு முன்னாடி வாயைப் பாருங்க. வாய் கொஞ்சம் மேல் பார்த்த மாதிரி இருந்தா, அந்த மீன் தண்ணியில மிதந்து வர்ற ப்ளாங்க்டன்ங்கற குட்டிக் குட்டி உயிரைப் பிடிச்சுச் சாப்பிட்டு வளர்ந்தது. மூஞ்சி நீளமா, வாய் முன்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்து, உதடு தடிமனா இருந்தா அது தரையில கிளறி உடைச்சுத் தின்னற ஜாதி. க்ளௌன், டைட்டன், குயின், பிக்காஸோ, ஆரஞ்சு கோடு போட்ட அண்டுலேட் எல்லாம் ரெண்டாவது கூட்டம். முதல் கூட்டத்துல ப்ளூத்ரோட், க்ராஸ்ஹேட்ச், நைஜர். பிங்க்டெயில் நடுவுல நிக்கற மீன், பாசி, சின்ன உயிர்னு கலந்து சாப்பிடும், நிறைய பேர் ரீஃப்ல வச்சு நல்லா இருக்கு, ஆனா இறால் விஷயத்துல நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

உங்க டேங்க்குக்கு நான் சொல்றது ஒரே ஒரு ப்ளூத்ரோட். கணக்குக்கு 450 லிட்டர் வருது, அதுல கல்லு மண்ணு போக இன்னும் கம்மி, ஒத்தை மீனுக்கு அது கீழ் எல்லை, அதுக்குக் கீழ போகாதீங்க. இந்த மீன் முழுசா வளர்ந்தா 22 செ.மீ. வரைக்கும் போகும், மொரீஷியஸ் பக்கத்துல இருந்து ஹவாய் வரைக்கும் ரீஃபோட வெளிச்சரிவுல, நல்ல கரன்ட் அடிக்கற இடத்துல கூட்டமா நின்னு ப்ளாங்க்டன் சாப்பிடற மீன், அதனால நீந்தறதுக்கு நீளம் வேணும். ஆணுக்கு தாடைக்குக் கீழ பளிச்சுனு நீலம், துடுப்பு ஓரத்துல மஞ்சள். பொண்ணுக்கு அந்த நீலம் கிடையாது, சாம்பல் கலந்த பழுப்புதான், ஆனா அதுவும் அழகுதான், விலையும் கம்மியா இருக்கும். ஜோடியா வைக்க ஆசைன்னா 6 அடி டேங்க்குக்கு மாறின பிறகு வைங்க, ஒரு ஆண் ஒரு பொண்ணு, ரெண்டு ஆணை மட்டும் சேர்த்துப் போட்டுடாதீங்க, சண்டைதான்.

கேள்வி: எங்க ஊர் மார்க்கெட்ல கிளாத்தின்னு விக்கறாங்களே, அதுவும் அக்வேரியத்துல வைக்கற நைஜர் ட்ரிகரும் ஒண்ணாண்ணா?
(குளச்சல்)

கிளாத்தின்னு நம்ம பக்கத்துல பொதுவா இந்தக் குடும்பத்து மீனுங்களைச் சொல்றோம், அதுல வலையில அதிகமா வர்ற கறுப்பு கிளாத்தி இருக்கே, வாயைத் திறந்தா பல்லு செவப்பா தெரியும், வால் ரெண்டு பக்கமும் நூல் மாதிரி நீண்டிருக்கும், அது நைஜரேதான். செத்த பிறகு கறுத்துப்போகும், உயிரோட தண்ணிக்குள்ள பார்த்தா நீலம், ஊதா, பச்சைன்னு லைட்டுக்கு லைட் மாறும்.

அடுத்த தடவை மார்க்கெட் போகும்போது ஒரு கிளாத்தியைக் கையில எடுத்து முதுகைப் பாருங்க. முதல் முள்ளு பெருசா, ரம்பம் மாதிரி சொரசொரன்னு இருக்கும். அதை நிமித்தி விட்டுட்டு மேல இருந்து கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க, எவ்வளவு பலமா அமுக்கினாலும் மடங்காது. இப்ப அதுக்குப் பின்னாடி இருக்கற குட்டி முள்ளை லேசா அமுக்குங்க, பெருசு பட்டுனு படுத்துடும். துப்பாக்கி விசை மாதிரி வேலை செய்யறதாலதான் ட்ரிகர்னு பேரே வந்தது. ராத்திரி பாறை இடுக்குல புகுந்து இந்த முள்ளை நிமித்திப் பூட்டிக்கும், அப்புறம் எந்தப் பெரிய மீன் வந்து இழுத்தாலும் வராது.

வீட்ல வைக்கறதுக்கு நைஜர் நல்ல மீன்தான், பவளத்தைத் தொடாது, ஆனா பெருசா வளரும், நல்லா சாப்பிடும், அதுக்கேத்த மாதிரி கழிவும் போடும். 6 அடிக்குக் கீழ வேண்டாம். குட்டி கோபி, ஃபயர் ஃபிஷ் மாதிரி பயந்த மீனுங்களோடவும் வேண்டாம்.

கேள்வி: பையன் ஆசைப்பட்டான்னு ப்ளூத்ரோட் ட்ரிகர் வாங்கி விட்டோம். 3 நாளா பாறைக்குள்ளயே இருக்கு, ஒண்ணும் சாப்பிடல. ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒருக்களிச்சுப் படுத்திருக்கு, கலரும் வெளுத்திருக்கு. நேத்து பாத்திரத்துல எடுத்தப்போ உறுமற மாதிரி சத்தம் வேற வந்தது. செத்துடுமோன்னு பயமா இருக்கு.
(கோயம்புத்தூர்)

பயப்படாதீங்கம்மா. நீங்க சொல்ற மூணுமே ட்ரிகருக்கு இயல்பு. ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்கறது தூக்கம், தூங்கும்போது கலர் வெளுக்கும், காலைல லைட் போட்டு அரைமணி நேரத்துல திரும்பிடும். அந்த சத்தம் பயந்தா போடறது, மார்புத் துடுப்பை அடிச்சு அதுக்குப் பக்கத்துல இருக்கற கெட்டியான செதிலை அதிர வைக்கும், உள்ள இருக்கற காத்துப்பை அதைப் பெருசாக்கும், மேளம் மாதிரி. ஆனா இனிமே எடுக்காதீங்க, பார்க்கறதுக்காகக்கூட எடுக்காதீங்க, பயத்துல இருக்கற மீனை எடுத்தா இன்னும் 3 நாள் உள்ள போயிடும்.

பார்க்க வேண்டியது மூச்சு. செவுள் நிதானமா அசையுதா, இல்ல ஓடி வந்தவன் மாதிரி பட பட பட-ன்னு அடிக்குதா? நிதானமா இருந்தா காத்திருங்க. படபடன்னு இருந்தா முதல்ல அம்மோனியா டெஸ்ட், அடுத்து ஏர் பம்ப்.

சாப்பாட்டுக்கு ஃப்ரோஸன் மைசிஸ் (இறால் மாதிரி இருக்கற குட்டி உயிர்) வாங்குங்க, கரைஞ்ச தண்ணியை வடிச்சுட்டு வேவ்மேக்கர் (அலை உண்டாக்கற பம்ப்) முன்னாடி கொஞ்சமா விடுங்க, மிதந்து வர்றதைப் பார்த்தா அதோட புத்தி வேலை செய்யும், ஏன்னா கடல்ல அதுக்கு சாப்பாடு அப்படித்தான் வரும். தரையில போட்டுட்டு வந்து தின்னும்னு எதிர்பார்க்காதீங்க. நேரம் முக்கியம், தினமும் ஒரே நேரத்துக்குப் போடுங்க, பையனையே போடச் சொல்லுங்க. என்கிட்ட இருக்கற பொண்ணு மீன் 5ஆம் நாள் மூக்கை மட்டும் வெளிய நீட்டி ஒரே ஒரு மைசிஸை உறிஞ்சிட்டு உள்ள போச்சு, 9ஆம் நாள் முழுசா வெளிய வந்து நின்னுச்சு, இப்ப நான் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கற சத்தத்துக்கே மேல வந்து தண்ணியைத் துப்புது. ரெண்டு கண்ணையும் தனித்தனியா சுழட்டி ஒண்ணுல என்னையும் இன்னொண்ணுல மைசிஸ் டப்பாவையும் பார்க்கும், அந்த நிமிஷத்துக்காக எத்தனை நாள் வேணாலும் காத்திருக்கலாம்மா.

பழகினதும் மார்க்கெட் இறால் வாங்கி ஓட்டோடவே சின்னதா நறுக்கி, நல்லா அலசி, ஃப்ரீஸர்ல வச்சு வாரத்துல ரெண்டு மூணு தடவை கொடுங்க. இதுங்க பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும், கடினமா ஏதாவது கடிச்சாத்தான் தேயும். ஒரே வேளையா கொட்டாம காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்னு பிரிச்சுக் கொடுங்க. அப்புறம் மேல மூடி இருக்கா? கண்ணாடி வேணாம், வலை போட்ட ஃப்ரேம் போதும், புதுசா வந்த ட்ரிகர் ராத்திரி பயந்தா துள்ளும், தரையில காய்ஞ்சு கிடக்கறதை ஒரு குழந்தை காலைல முதல்ல பார்க்கக்கூடாது.

கேள்வி: என் 6 அடி டேங்க்ல நைஜர் விட்டு 2 வருஷம் ஒண்ணும் ஆகல. போன மாசம் புதுசா ஒரு க்ளீனர் இறால் விட்டேன், பத்து நிமிஷத்துல காணோம். ஆனா பழைய இறால் ரெண்டும் அப்படியே இருக்கு! ஏன்?
(சிங்கப்பூர்)

பழைய இறால் ரெண்டும் மீனுக்கு முன்னாடியே அங்க இருந்திருக்கும், சரியா? அதுங்களை நைஜர் டேங்க்கோட ஒரு பகுதியா பார்த்துப் பழகிடுச்சு. புதுசா மேல இருந்து ஒரு இறால் மிதந்து இறங்குதுன்னா அது அதுக்கு சாப்பாடு, நீங்க தினமும் அப்படித்தானே சாப்பாடு போடறீங்க. மீன் மேல தப்பே இல்ல.

வரிசைதான் வழி, இறால், நத்தை எல்லாம் முதல்ல விடணும், அதுங்க இடம் பிடிச்சு ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆன பிறகு கடைசியா ட்ரிகர் விடணும். ஏற்கெனவே ட்ரிகர் இருந்தா, லைட் அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு, மீன் தூங்கப் போன பிறகு, இறாலை ஒரு பைப் வழியா நேரா பாறைக்குள்ள இறக்குங்க, அதுவும் பெரிய இறாலா. அதுக்கு முன்னாடி மீனுக்கு வயிறு நிறைய போட்டிருக்கணும். இவ்வளவு பண்ணியும் போகலாம். ஹெர்மிட் நண்டை நான் கணக்குலயே சேர்க்கறதில்ல, பெரிய டர்போ நத்தை மட்டும்தான் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ட்ரிகர் இருக்கற வீட்ல பாசி சுத்தம் பண்றது பெரும்பாலும் நம்ம கை வேலைதான், அதை மனசுல வச்சுக்கிட்டு வாங்கணும்.

கேள்வி: பிக்காஸோ ட்ரிகர் வாயால தண்ணி ஊதி மண்ணைத் தோண்டுது, ஃப்ராக் (வளர்க்கறதுக்கு வச்ச சின்னப் பவளத் துண்டு) எல்லாம் கவிழ்த்துப் போடுது. ஹீட்டர் வயரைக்கூடக் கடிச்சிருக்கு. எப்படி நிறுத்தறது?
(திருச்சி)

நிறுத்த முடியாது சார், அது அந்த மீனோட பிழைப்பு. கடல்ல சில ட்ரிகர் சீ அர்ச்சினைப் பார்த்தா அடியில தண்ணி ஊதி ஊதி அதைக் குப்புறக் கவிழ்க்கும், அடிப்பக்கம் முள்ளு சின்னதா மெத்துனு இருக்கும், அங்க கடிச்சுத் தின்னும். அவ்வளவு புத்தி இருக்கற மீன் உங்க ஃப்ராக்கைத் திருப்பிப் பார்க்காம இருக்குமா?

நீங்க பண்ண வேண்டியது வீட்டை அதுக்கேத்த மாதிரி மாத்தறது. பாறையை மண்ணு மேல வைக்காதீங்க, நேரா அடிக்கண்ணாடி மேல நிறுத்திட்டு அப்புறம் சுத்தி மண்ணு போடுங்க, இல்லன்னா அது அடியில தோண்டித் தோண்டி ஒரு நாள் பாறை சரிஞ்சு கண்ணாடி உடையும். ஃப்ராக்கை பசை போட்டு ஒட்டுங்க, சும்மா செருகி வைக்காதீங்க. ஹீட்டரை இன்னைக்கே சம்ப்புக்கு (டேங்க்குக்குக் கீழ இருக்கற வடிகட்டித் தொட்டி) மாத்துங்க, கடிபட்ட வயரைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது, உப்புத் தண்ணியில கரன்ட் கசிஞ்சா அது மீனோட நிக்காது, கையை விடற உங்க வரைக்கும் வரும். ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிஞ்சா தானா துண்டிக்கற சுவிட்ச்) இல்லாத வீட்ல ரீஃப் டேங்க் வைக்காதீங்கன்னு நான் ஒவ்வொரு வருஷமும் சொல்றேன்.

இன்னொண்ணு, கையை உள்ள விடும்போது மீன் எங்க இருக்குன்னு பார்த்துட்டு விடுங்க. முன்னாடி நான் ஒரு அண்டுலேட் வச்சிருந்தேன், ரீஃப்ல ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு கடையில சொல்லிக் கொடுத்தாங்க, நானும் வாயைப் பார்க்காம வாங்கினேன். பாறையைத் திருப்பி வச்சுக்கிட்டு இருக்கும்போது ஆள்காட்டி விரல் நுனியில கடிச்சுது, நகத்தோட சேர்த்து ஒரு துண்டு போயிடுச்சு, மூணு தையல். அந்த மீன் மேல எனக்கு இன்னைக்கும் கோபம் இல்ல, அதைத் தனி டேங்க்ல 7 வருஷம் வச்சிருந்தேன். உங்க பிக்காஸோவையும் நான் அப்படித்தான் சொல்வேன், முடிஞ்சா அதுக்குன்னு மீன் மட்டும் இருக்கற ஒரு டேங்க் போட்டுக் கொடுங்க, அங்க அது ராஜா மாதிரி இருக்கும்.

கேள்வி: மண்டபம் பக்கத்துல சொந்தக்காரங்க இருக்காங்க, கரையில ஒதுங்கற பவளக் கல்லு, லைவ் ராக் (பாக்டீரியாவும் சின்ன உயிரும் ஒட்டியிருக்கற பாறை) எல்லாம் சும்மாவே கிடைக்கும்னு சொல்றாங்க. எடுத்துட்டு வந்து டேங்க்ல போடலாமா?
(மதுரை)

கூடவே கூடாது. கல்லுப் பவளம் எந்த வகையா இருந்தாலும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கற அதே அட்டவணை. குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில். செத்துப்போன பவளம்னாலும் அதேதான், கரையில சும்மா கிடந்துச்சுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

சட்டத்தை விடுங்க, அந்தக் கடலைப் பாருங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்குன்னு 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. அதுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்ப தண்ணிக்குள்ள போயிடுச்சு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கா பவளத்தை வெட்டி எடுத்தது அதுக்குப் பெரிய காரணம். பவளம் போனா அலையைத் தடுக்க ஆள் இல்ல, தீவே கரையும். ரீஃபை ரசிக்கற நம்ம கையால அதுல ஒரு கல்லுகூடக் குறையக்கூடாதுங்கறது என் உறுதி. கடையில செராமிக்ல செய்யற செயற்கைப் பாறை கிடைக்குது, பாக்டீரியா பாட்டில் ஊத்தி ஒண்ணு ரெண்டு மாசம் சைக்கிள் பண்ணா, அதாவது பாக்டீரியா வளர விட்டா, அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: ட்ரிகர் உடம்புல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. மெயின் டேங்க்லயே காப்பர் மருந்து போடலாமா?
(பெங்களூர்)

போட்டீங்கன்னா மீன் பிழைக்கும், பவளமும் இறாலும் நத்தையும் செத்துடும், பாறை காப்பரை உறிஞ்சி வச்சுக்கிட்டு மாசக்கணக்கா கசிய விடும். எல்லா மீனையும் வெளிய எடுத்து வெறும் டேங்க்ல, மண்ணு பாறை இல்லாம, ஒளிய ரெண்டு பிவிசி பைப் மட்டும் போட்டு, அங்க வச்சு வைத்தியம் பண்ணுங்க. கீலேட்டட் காப்பர்னா (ஒரு வகை காப்பர் மருந்து) 2 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), 4 வாரம், தினமும் டெஸ்ட். ட்ரிகர் காப்பரை நல்லா தாங்கும். மெயின் டேங்க் 76 நாள் மீன் இல்லாம ஓடணும், அப்பத்தான் அந்தப் புள்ளியை உண்டாக்கற, மண்ணுல ஒட்டிக்கிட்டு இருக்கற ஒட்டுண்ணி ஆள் கிடைக்காம சாகும். 40 நாள்ல பொறுமை போயிடும், தெரியும். போனாலும் விடாதீங்க.

கேள்வி: அங்கிள், உலகத்துலயே நீளமான பேர் ஒரு ட்ரிகர் மீனுக்குத்தான்னு எங்க மிஸ் சொன்னாங்க. அது என்ன?
(7ஆம் வகுப்பு, தஞ்சாவூர்)

மிஸ் சொல்றது ஹவாய் மீனா இருக்கும் கண்ணு. உலகத்துலயே நீளமோ இல்லையோ, நீளமான பேர்தான். ஹுமுஹுமுநுகுநுகுஆபுவாஆ! பன்னி மாதிரி மூக்கு இருக்கற ட்ரிகர்னு அர்த்தம். 1985ல ஹவாய் மாநில மீனா 5 வருஷத்துக்கு மட்டும் அறிவிச்சாங்க, 2006ல நிரந்தரமாக்கிட்டாங்க. ஹுமுஹுமு, நுகுநுகு, ஆபுவாஆ-ன்னு மூணா உடைச்சு சொல்லிப் பாரு, வந்துடும்.

கேள்வி: ப்ளூத்ரோட் வாங்க முடிவு பண்ணிட்டேன், அடுத்த வாரம் கடைக்குப் போறேன். எதைப் பார்த்து எடுக்கணும், எப்படிக் கொண்டு வரணும்?
(சேலம்)

போறதுக்கு முன்னாடி வீட்ல உப்புத் தண்ணியோட அடர்த்தி 1.025, டெம்பரேச்சர் 25, 26ன்னு ஒரு வாரமா ஆடாம நிக்குதான்னு பாருங்க, நம்ம ஊர் வெயிலுக்கு சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கற மெஷின்) இல்லாம அது நிக்காது. ஸ்கிம்மர் (கழிவை நுரையா பிரிச்சு எடுக்கற கருவி) டேங்க் அளவுக்கு ஒரு சைஸ் பெருசா இருக்கட்டும், இது சாப்பிடற மீன்.

கடையில போனதும் சாப்பாடு போடச் சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாடி சாப்பிடணும். வயிறு உள்ள ஒட்டியிருக்கக்கூடாது, கண்ணு தெளிவா சுழலணும், வாய்ல காயம் இருக்கக்கூடாது. 8லிருந்து 12 செ.மீ. சைஸ் எடுங்க. பிடிக்கும்போது வலை போட விடாதீங்க, முதுகு முள்ளு வலையில மாட்டிக்கும், அவசரத்துல இழுத்தா துடுப்பு கிழியும். மாட்டிக்கிட்டா குளச்சல் வாசகருக்குச் சொன்ன அதே வித்தைதான், பின்னாடி இருக்கற குட்டி முள்ளை அமுக்கினா பெருசு படுக்கும், அப்புறம் மெதுவா கழட்டலாம். அதைவிட நல்லது, ஒரு பெரிய ப்ளாஸ்டிக் டப்பாவைத் தண்ணிக்குள்ள விட்டு அதுக்குள்ள மீனை ஓட்டி மூடி எடுக்கறது. பையைக் கடிச்சு ஓட்டை போடும், முள்ளும் குத்தும், அதனால ரெண்டு பை போட்டு நடுவுல நாலா மடிச்ச நியூஸ் பேப்பர் வைக்கச் சொல்லுங்க, அதைத் தெர்மாகோல் பெட்டியில வச்சு மூடிக் கொண்டு வாங்க. நேரா மெயின் டேங்க்ல விடாம 4 வாரம் தனி டேங்க்ல வைங்க, அங்க ஒரு பிவிசி பைப் மறக்காம போடுங்க, அது முதல் ராத்திரி அதுக்குள்ள புகுந்து முள்ளைப் பூட்டிக்கிட்டுத்தான் தூங்கும்.